பாய்சன் ஐவி தடிப்பு: மஞ்சளும் வேப்பிலையும் போதுமா?

9 ஜூன்

வாசகி ஒருவர் கேட்கிறார்: "அமெரிக்காவில் படிக்கும் என் மகன் விடுமுறைக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாள் பென்சில்வேனியாவில் நண்பர்களோடு காட்டுப் பாதையில் நடந்திருக்கிறான். சிங்கப்பூர் வந்து இறங்கிய மறுநாள் முன்கையிலும் கெண்டைக்காலிலும் கோடு கோடாகச் சிவந்து நீர்க்கொப்புளங்கள் கிளம்பிவிட்டன. பாய்சன் ஐவி என்னும் காட்டுக்கொடி பட்டதால் வந்தது என்கிறான் அவன். என் மாமியார் அக்கி என்கிறார். மஞ்சளையும் வேப்பிலையையும் அரைத்துப் பூசச் சொல்கிறார். நேற்று இல்லாத இடத்தில் இன்று கிளம்புகிறது. வீட்டில் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளுமா? வீட்டு மருந்திலேயே ஆற்றிவிடலாமா?"

9 ஜூன், இரவு

ஒட்டிக்கொள்ளாது. பாய்சன் ஐவியின் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உருஷியால் என்னும் பிசுபிசுப்பான எண்ணெய் இருக்கிறது. அது தோலில் ஊறியபின், முன்பே ஒரு முறை அதைச் சந்தித்து நினைவில் வைத்திருக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள் 1 முதல் 3 நாள்களுக்குள் அந்த இடத்தில் திரண்டு வந்து கலகம் செய்கின்றன. நாம் பார்க்கும் தடிப்பு அந்தக் கலகம்தான். கொப்புளத்துக்குள் இருக்கும் நீர் உங்கள் மகனின் உடம்பில் ஊறிய நீரே தவிர, அதில் உருஷியால் கிடையாது. உடைந்து வழிந்தாலும் அவனுக்கோ உங்களுக்கோ அதனால் பரவாது. எண்ணெய் மிகுதியாகப் பட்ட இடமும் மெல்லிய தோலும் முந்திச் சிவக்கும். குறைவாகப் பட்ட இடமும் தடித்த தோலும் தாமதமாகச் சிவக்கும். பரவுவது போலத் தோன்றுவதற்கு அதுதான் காரணம்.

ஆனால் ஒன்றை இன்றிரவே செய்துவிடுங்கள். அவன் அன்று அணிந்திருந்த காலணி, காலணி நாடா, முதுகுப்பையின் வார், தொப்பி ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அந்த எண்ணெய் துணியிலும் தோல்பொருளிலும் மாதக்கணக்கில் வீரியம் குறையாமல் உட்கார்ந்திருக்கும். துணிகளைத் தனியாக, சோப்புத்தூள் தாராளமாகப் போட்டுத் துவைக்க வேண்டும். காலணியையும் பையையும் கையுறை அணிந்து, பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் துடைக்க வேண்டும். மகனிடமிருந்து உங்களுக்கு ஒட்டாது என்றாலும் அவன் காலணியிலிருந்து ஒட்டலாம்.

10 ஜூன்

மாமியார் சொல்லும் அக்கியைப் பற்றி இருவர் தனியே எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அக்கி என்று நம் வீடுகளில் பல தோல் தொல்லைகளைச் சொல்வதுண்டு என்றாலும் பெரும்பாலும் அது நரம்பு வழியே வரும் கிருமி நோயைத்தான் குறிக்கிறது. அது உடம்பின் ஒரு பக்கமாக மட்டும், பட்டை கட்டியது போல வரும். தடிப்பு தெரிவதற்கு முன்பே அந்த இடம் எரியும், வலிக்கும். பாய்சன் ஐவி வலது, இடது பார்ப்பதில்லை. இலை உரசிய வழியிலேயே கோடு இழுக்கும். வலியைக் காட்டிலும் நமைச்சலே மிகுதி. நரம்பு அக்கிக்கு மருத்துவர் தரும் மாத்திரையை முதல் சில நாள்களுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதால், ஐயம் இருந்தால் வீட்டில் விவாதித்துக்கொண்டிருக்காமல் காட்டிவிடுவதே நல்லது.

ஊரில் குயவர் வீட்டுக்குப் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். தோலில் சிங்கம் வரைந்து அனுப்புவதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் காவிக்குச் சிவப்பு நிறம் தருவது இரும்பு ஆக்சைடு. மருந்துக்கடையில் விற்கும் கேலமைன் லோஷனின் இளஞ்சிவப்புக்கும் அதே இரும்பு ஆக்சைடுதான் காரணம். கேலமைன் தூளில் பெரும்பகுதி துத்தநாக ஆக்சைடு. இரண்டும் பூசியவுடன் ஈரம் உலர உலர இதமாகக் குளிரும், கசிவை உறிஞ்சும். எனவே மாமியாரின் விருப்பம் காவியாக இருந்தால் கேலமைன் பாட்டிலைக் காட்டிச் சமாதானம் செய்துவிடலாம். சிங்கம் வரைவது அவரவர் கைத்திறனைப் பொறுத்தது.

11 ஜூன்

"நீங்கள் பட்டிருக்கிறீர்களா, படித்துவிட்டு எழுதுகிறீர்களா?" என்று ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. வேலை நிமித்தம் நியூ ஜெர்சியில் குடியிருந்த காலத்தில், குளிர்காலம் முடியும் தறுவாயில், வேலியோரத்து மரத்தில் ஏறியிருந்த ஒரு கொடியைப் பிடுங்கினேன். 'மூன்று இலையைக் கண்டால் தொடாதே' என்று அங்கே குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த மாதத்தில் கொடியில் ஓர் இலைகூட இல்லை. முதிர்ந்த கொடியின் தண்டு முழுவதும் மரத்தைப் பற்றிக்கொள்ளும் பழுப்பு வேர்கள் அடர்ந்து, கயிற்றில் மயிர் முளைத்தது போலிருக்கும்; எண்ணெய் அதிலும் உண்டு. கையுறை அணிந்திருந்தேன், முழுக்கைச் சட்டையும் அணிந்திருந்தேன். கையுறை முடிந்து சட்டை தொடங்குவதற்கு இடையே மணிக்கட்டில் இருந்த சிறு இடைவெளியில்தான் முதலில் வந்தது. நெற்றி வியர்வையை அதே கையுறையால் துடைத்ததால் புருவத்துக்கு மேலும் வந்தது. பிடுங்கிய கொடியைக் குவித்துக் கொளுத்தப் போனபோது பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓடிவந்து தடுத்தார். அந்தப் புகையை இழுத்தால் தொண்டையிலும் நுரையீரலிலும் தடிப்பு வரும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்துகொண்டேன்.

அங்கே கையாண்ட வைத்தியங்களில் எனக்கு உண்மையாகவே இதமளித்தது ஓட்ஸ். சமையலுக்கு வாங்கும், சுவையோ சர்க்கரையோ சேர்க்காத ஓட்ஸ்தான். மிக்சியில் போட்டு மைதா போல அரைக்க வேண்டும். போதுமான அளவு அரைபட்டதா என்று பார்க்க ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு கரண்டி மாவைப் போட்டுக் கலக்குங்கள்: தண்ணீர் உடனே பால் நிறத்துக்கு மாறி, விரலை விட்டால் வழுவழுவென்று இருந்தால் சரி, தூள் அடியில் போய்ப் படிந்தால் இன்னும் ஒரு சுற்று ஓட வேண்டும். அமெரிக்கக் குறிப்புகள் அனைத்தும் குளியல் தொட்டியில் கொட்டி அமிழ்ந்திருக்கச் சொல்கின்றன. நம் வீவக அடுக்குமாடி வீடுகளில் தொட்டிக்கு எங்கே போவது? வாளி நீரில் கலக்கி, பழைய வேட்டித் துணியைக் கிழித்து நனைத்து, தடிப்பின் மேல் கால் மணி நேரம் போட்டு வைத்தால் போதும்; துணி சூடேறியதும் மறுபடி நனைத்துப் போட வேண்டும். குளியலறைத் தரையில் சிந்தினால் வழுக்கும், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் உடனே கழுவிவிடுங்கள்.

12 ஜூன்

கொதிக்கக் கொதிக்கச் சுடுநீரை ஊற்றினால் நமைச்சல் பல மணி நேரத்துக்கு அடங்கிவிடுவதாக ஓர் அன்பர் அடித்துச் சொல்கிறார். அடங்குவது உண்மைதான், நானும் ஊற்றிப் பார்த்திருக்கிறேன். அப்போதைக்குச் சொறிவதைவிடச் சுகமாகக்கூட இருக்கும். ஆனால் வீங்கியிருக்கும் தோலுக்கு வெப்பம் மேலும் இரத்தத்தைக் கொண்டுவருகிறது. நடு இரவில் இரட்டிப்பாகத் திரும்பும். ஏற்கெனவே புண்ணான தோலில் வெந்நீர்க் காயமும் சேர்ந்துகொண்டால் எது எதனால் வந்தது என்று மருத்துவருக்கே குழப்பமாகிவிடும்.

14 ஜூன்

மஞ்சள், வேப்பிலை, எலுமிச்சை, பூண்டு, தைலம் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றை ஒரே தட்டில் வைத்துப் பேச முடியாது.

வேப்பிலை கொதித்து ஆறிய நீரில் துணியை நனைத்துப் போடுவதில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. அதில் இதமளிப்பது வேம்பைவிடக் குளிர்ந்த நீர் என்பது என் கருத்து. தேக்கா சந்தையில் வாங்கிய கொத்து வீணாக வேண்டாம் என்றால் அப்படிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். அரைத்த விழுதாக அப்புவது வேறு: உடைந்த கொப்புளத்தின் மேல் இலைத் துணுக்குகள் காய்ந்து ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது புதுத்தோலையும் சேர்த்துப் பிய்க்கும். மஞ்சள் சிலருக்குத் தானே ஒவ்வாமைத் தடிப்பை உண்டாக்கும். அதோடு தோல் முழுவதும் மஞ்சளாகிவிட்டால் சிவப்பு கூடுகிறதா குறைகிறதா, சீழ் பிடித்திருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாமல் போகும். வாசகியின் மாமியாருக்கு மதிப்புக் கொடுக்க வேண்டுமென்றால் மஞ்சளைப் பாலில் கலந்து பேரனுக்குக் குடிக்கக் கொடுக்கச் சொல்லுங்கள். இருவருக்கும் மனம் நோகாது.

எலுமிச்சை கூடவே கூடாது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால், செடி ஒவ்வாமை இல்லாதவருக்கும் தீக்காயம் போலக் கொப்புளம் எழும்பி, மாதக்கணக்கில் மறையாத கரும்பழுப்புத் தழும்பு விழும். நம் ஊர் வெயிலுக்கு அது வெகு எளிதில் நடக்கும். பச்சைப் பூண்டு தோலை நேரடியாகவே பொசுக்கும்.

கோடாலித் தைலத்தைப் பற்றி எழுதத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அது இல்லாத தமிழ் வீடு இந்தத் தீவில் இருக்காது. ஊருக்குப் போகும் பெட்டியில் முதலில் ஏறுவதும் அதுதான். கொசுக்கடிக்கும் தலைவலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உடைந்து நீர் கசியும் தோலில் அதன் மெந்தாலும் கற்பூரமும் ஏறினால் நமைச்சலோடு எரிச்சலும் கூடும், தோலும் இன்னும் சிவக்கும்.

வீரியமுள்ளது எதுவோ அதுவே நல்ல மருந்து என்னும் எண்ணம் நமக்கு ஆழமாக ஊறியிருக்கிறது: எரிந்தால் வேலை செய்கிறது, கசந்தால் குணமாகிறது. இந்தத் தடிப்பில் எரிச்சல் தரும் எந்தப் பொருளும் எதிர்ப்பு அணுக்களுக்குக் கூடுதல் வேலை கொடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. 2 முதல் 3 வாரங்களில் உடம்பு தானாகவே ஆறிவிடும். அதுவரை அவனைச் சொறியவிடாமலும் தூங்கவைத்தும் கடத்துவதற்குத்தான் வீட்டு மருந்து. இதில் கெட்டிக்காரத்தனத்துக்கு இடமிருக்கும் ஒரே நேரம் எண்ணெய் தோலில் பட்ட முதல் சில நிமிடங்கள்: ஒரு 10 நிமிடத்துக்குள் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவியிருந்தால் இத்தனை பேச்சுக்கும் தேவை இருந்திருக்காது. அதற்கென்று விலை உயர்ந்த கழுவு பசைகள் அமெரிக்காவில் விற்கின்றன என்றாலும், பாத்திரம் கழுவும் சாதாரண சோப்பு ஏறக்குறைய அதே பலனைத் தரும். எதைப் போட்டாலும் துணியால் நன்றாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

14 ஜூன், பின்மாலை

"தேங்காய் எண்ணெய் தடவினால் பிசின் கரைந்து வந்துவிடுமே, பலாப்பழம் வெட்டும்போது அப்படித்தானே செய்கிறோம்?" என்கிறார் ஒருவர். பலாப்பாலில் உருஷியால் இல்லை. அது வெறும் ஒட்டல். உருஷியாலும் எண்ணெயில் கரையும் என்பது மெய்தான், ஆனால் கரைந்ததை உடனே சோப்பால் கழுவி எடுக்காவிட்டால் கையளவு இருந்ததை முழங்கைவரை பூசிவிட்டதாக ஆகும். எல்லாம் ஆறி, பொருக்கு உதிர்ந்து, தோல் வறண்டு வெடிக்கும் கட்டத்தில் தேங்காய் எண்ணெய் மிகவும் நல்லது. அந்தக் கட்டத்தில் கேலமைனை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சேர்த்துவிடுகிறேன். கசியும்போது உலர்த்துவது உதவியாக இருந்தது. குளிர்சாதன அறையில் இரவெல்லாம் படுத்திருக்கும் வறண்ட தோலை மேலும் உலர்த்தினால் அதுவே அரிக்கத் தொடங்கும்.

16 ஜூன்

சிங்கப்பூரில் பாய்சன் ஐவி காடுகளில் வளர்வதில்லை, ஆகவே இந்த உரையாடல் நமக்கெதற்கு என்று ஒருவர் சலித்துக்கொள்கிறார். ஐயா, கொடிதான் இல்லை, அதன் பங்காளிகள் இருக்கிறார்கள். பாய்சன் ஐவி, மா, முந்திரி, சேங்கொட்டை, ஜப்பானியர் மெருகெண்ணெய் எடுக்கும் மரம் எல்லாம் அனகார்டியேசி என்னும் ஒரே தாவரக் குடும்பம். அதே குடும்பத்தில் மலாய்க்காரர்கள் ரெங்காஸ் என்று அழைக்கும் மரங்களும் உண்டு; புக்கித் தீமாக் காட்டில் அவை ஓங்கி வளர்ந்திருக்கின்றன. பட்டையில் கீறல் விழுந்த இடத்தில் கசியும் பால் காற்றுப் பட்டதும் கறுத்துப்போகும். வழித்தடத்தை விட்டு விலகி மரத்தில் கைவைத்துச் சாய்ந்து நிற்பவர்கள் அந்தக் கருங்கறையைக் கண்டால் தள்ளி நிற்பது நல்லது. மழை பெய்யும்போது ரெங்காஸ் அடியில் ஒதுங்கக் கூடாது என்று பழைய மலாய்க் கம்பத்துக்காரர்கள் சொல்வார்கள். இலையிலிருந்து சொட்டும் நீரே தடிப்பு உண்டாக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

காட்டுக்கே போகாதவர்களுக்கு மாமரம் இருக்கிறது. மாங்காய்க் காம்பை உடைத்ததும் பீறிடும் பாலிலும், காயின் தோலிலும் உருஷியாலின் நெருங்கிய உறவுப் பொருள்கள் உள்ளன. சதையில் பெரும்பாலும் இல்லை. அதனால்தான் பழத்தைத் தோலோடு கடித்துச் சப்பியவர்களுக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ வாயைச் சுற்றி மட்டும் தடித்து வெடிக்கிறது. மலாய்க்காரர் விரும்பி உண்ணும் பிஞ்சாய், பச்சாங் ஆகிய மாவின மரங்களின் பால் இன்னும் கடுமையானது. நான் வாழ்நாளெல்லாம் மாங்காயைத் தோலோடு கடித்தவன். நியூ ஜெர்சிக் கொடியோடு பழகி வந்தபிறகு, தோல் பட்டாலே உதட்டோரம் தடிக்கிறது. ஒரு பங்காளியோடு பகை வந்தால் மற்றவனையும் சந்தேகிப்பதுதானே உடம்பின் வழக்கம். இப்போது என் மனைவி சீவித் துண்டு போட்டுக் கொடுக்கிறார். சோம்பலுக்கு நான் கண்டுபிடித்த சாக்கு இது என்பது அவர் கட்சி.

ஆகவே கேள்வி கேட்ட அம்மையார், மகன் ஊரில் இருக்கும்வரை மாம்பழத்தைத் தோலோடு கையில் கொடுக்காமலிருப்பது நல்லது.

17 ஜூன்

அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் மாமரத்தில் அதிகாலையில் காய் பறித்த உறவினருக்கு முன்கை முழுவதும் தடித்துவிட்டதாக ஒருவர் எழுதியிருக்கிறார். பொது இடத்து மரத்தில் அனுமதியின்றிப் பறிக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். அபராதம் விதிப்பவர் வருவதற்கு முன் மரமே விதித்துவிட்டது. கேலமைன் போடச் சொல்லுங்கள்.

20 ஜூன்

அம்மையாரிடமிருந்து செய்தி: கைகால் ஆறிவருகிறது, ஆனால் கண்ணிமை வீங்கிவிட்டது. இதற்கு மேல் வீட்டு மருந்து பேசக் கூடாது. கண், முகம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் வந்தாலோ, உடம்பில் பெரும்பகுதியில் பரவியிருந்தாலோ, சீழோ காய்ச்சலோ இருந்தாலோ பலதுறை மருந்தகத்துக்கு உடனே போக வேண்டும்; தேவைப்பட்டால் அவர்கள் தேசிய சரும நிலையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். மூச்சுத் திணறினால் அவசரப் பிரிவைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது.

மருந்தாளரிடம் கேட்டு வாங்கும் 1 விழுக்காட்டு ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு லேசான சிவப்புக்குச் சரி. திரண்ட கொப்புளங்களுக்கு அது போதாது. மருத்துவர் பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் வழக்கமாக 2 அல்லது 3 வாரங்களுக்குப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வரும்படி எழுதுவார். எனக்கு அமெரிக்காவில் ஒரு மருந்தகத்தில் சில நாள்களுக்கு மட்டும் எழுதித் தந்தார்கள்; மாத்திரை முடிந்த கையோடு அத்தனை தடிப்பும் அப்படியே திரும்பிவந்தது. நன்றாகிவிட்டதே என்று பாதியில் நிறுத்துபவர்களுக்கும் இதுவே நடக்கும். வீட்டில் யாருக்கோ வாங்கி மிச்சமிருக்கும் மாத்திரைப் பட்டையிலிருந்து எடுத்துக் கொடுப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரை இரவுக்கு உதவும், அதுவும் தூக்கத்துக்காகத்தான். இந்த நமைச்சலைத் தூண்டுவது பெரும்பாலும் அந்த மாத்திரைகள் தடுக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருள் இல்லை என்பதால் தூக்கம் வராத புது வகையால் அதிகப் பலன் இராது.

23 ஜூன்

கேரளத்து நண்பர் ஒருவர் சுவையான செய்தி அனுப்பியிருக்கிறார். அவர்கள் ஊர்க் காட்டில் சேர் என்று ஒரு மரம். இதே குடும்பம், இதே குணம். அது பட்டுத் தடித்தால் தான்றி மரத்தைத் தேடிப் போய் வலம் வந்து வணங்குவார்களாம். அதன் பட்டையைக் கொதிக்க வைத்த நீரில் குளிப்பதும் உண்டாம். வலம் வருவதைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. அந்த நடையின்போது சொறியாமலிருந்தால் அதுவும் நன்மையே. பட்டை நீரில் பொருள் இருக்கிறது. தான்றியில் துவர்ப்பு மிகுதி. துவர்ப்புப் பொருள்கள் கசியும் தோலைச் சுருக்கி உலர்த்தும். மருத்துவர்கள் அலுமினியம் அசிட்டேட் கரைசலில் துணி நனைத்துப் போடச் சொல்வதும் அதே நோக்கத்தில்தான். தான்றிப் பட்டை கிடைக்காதவர்கள் பால், சர்க்கரை சேர்க்காத கடும் தேநீரை நன்றாகக் குளிரவைத்துத் துணியில் நனைத்துப் போடலாம். நான் கோப்பிக்கடையில் தே ஓ கோசோங் என்னும் அதே வகைத் தேநீரை வாங்கிவந்து புருவத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன், மாங்காய்த் தடிப்பு வந்த ஒரு சமயத்தில். கசிவு நின்றது, சட்டைக் காலரில் விழுந்த கறை போகவே இல்லை.

24 ஜூன்

கண்ணிமை வற்றிவிட்டதாம், மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமியார் இன்னமும் அக்கிதான் என்கிறாராம்.

27 ஜூன்

ஆவக்காய் போடுவதற்கு நிறைய மாங்காய் வாங்கியிருக்கும் ஒருவர், கை தடிக்காமலிருக்க மருத்துவர்கள் போடும் மெல்லிய ரப்பர் கையுறை போதுமா என்று கேட்கிறார். பாய்சன் ஐவி எண்ணெய்க்கு அது போதாது: இயற்கை ரப்பரில் கரைந்து உள்ளே இறங்கிவிடும் என்பதால் தடித்த வினைல் கையுறையைத்தான் அமெரிக்காவில் பரிந்துரைக்கிறார்கள். மாம்பால் அதன் உறவு என்பதால் நான் ஊறுகாய்க்கும் வினைலையே அணிகிறேன். காயை முதலில் காம்போடு வாங்குங்கள். காம்பைத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் அமிழ்த்தி வைத்துக்கொண்டே கிள்ளினால் பால் முகத்தில் தெறிக்காது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, காயைச் சோப்பு நீரில் ஒரு முறையும் நல்ல நீரில் இரு முறையும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அதன்பிறகு கத்தியை எடுங்கள். கையுறையைக் கழற்றும்போது மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து உட்புறம் வெளியே வருமாறு உரித்துக் குப்பையில் போட வேண்டும். வெட்டிய பலகையையும் கத்தியையும் வேறு எதற்கும் எடுக்கும் முன் தேய்த்துக் கழுவுங்கள்.